முகத்தில் நுரை, கையில் வாள்

பட்டாபிராமில் அந்த அடுக்குமாடியில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், எதிர்த்தரப்பு ஆட்கள் விசாரிக்க வந்து நிற்பது ஞானம்மாள் வீட்டு வாசலில்தான். அவளாக யாரையும் அழைத்ததில்லை. கதவைத் திறந்து வைத்திருப்பாள், அவ்வளவுதான். படிக்கட்டில் ஏறுகிற எவரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஏற வேண்டும். ஏறுகிறவர் கையில் என்ன பை, பையில் எந்தக் கடையின் பெயர், முகத்தில் சிரிப்பா கடுப்பா என்பதெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிற போதே அவளுக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் அப்பாவு, "கீழ கேட் ஆண்ட கேமரா மாட்டப் போறாங்களாம். நீ கீறப்ப அது இன்னாத்துக்கு தண்டமா?" என்பார்.

"கேமரா பாக்கும். கேள்வி கேக்குமா?" என்பாள் ஞானம்மாள்.

கேள்வி கேட்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஒன்றைக் கேட்டுவிட்டு அதோடு விட மாட்டாள். வெயிலைப் பற்றிப் பேசுவாள், தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசுவாள், மறுபடி அதே கேள்விக்கு வந்து நிற்பாள். எதிரில் இருப்பவர் புதிதாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் வரை உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது. சொன்னதையே மாற்றாமல் திரும்பச் சொன்னால் காலி, அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

அப்படிப்பட்டவளிடம் மாடி வீட்டு வெங்கட்டே வந்து நின்றார். கரூர்க்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மேலாளர். மனைவி தவறிய பின் ஒரே மகள் ஸ்வாதியோடு இருக்கிறார். ஸ்வாதி கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

"திருநின்றவூர்ல ஒரு பையன் அமைஞ்சிருக்குங்க. தினேஷ்னு பேரு. நல்ல வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. பிடிச்சிருந்தா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்ங்கறாங்க."

"நல்ல சேதி தான? மூஞ்சி ஏன் இப்படி கீது?"

வெங்கட் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு சரின்னு சொல்ற மாதிரிதான் இருக்கா. ஆனா அவ பையனைப் பாத்த விதம்தான் எனக்குப் புரியல. பையனும் பயோடேட்டாவுல ஹாபி வீடியோ கேம்னு போட்டிருந்தான். ஒரு மாசமா ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்ல இருந்துக்கிட்டே வீடியோ கேம் ஆடறாங்க. அதை வச்சே முடிவு பண்ணிடுவேன்ங்கறா. நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொன்னா நிம்மதியா இருக்கும்."

ஞானம்மாளுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆண்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவன் தெருவுக்குப் போக வேண்டும், அவன் சாப்பிடுகிற மெஸ்ஸுக்குப் போக வேண்டும். டிவிக்குள் போய் எப்படி விசாரிப்பது?

மறுநாள் சாயங்காலம் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அது மாடி வீட்டுக் கிண்ணம் இல்லை. அதனால் என்ன, கையில் கிண்ணம் இருந்தால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

கூடத்தில் பெரிய டிவி. அதில் இடிந்த கோட்டை, மழை, இருட்டு. ஸ்வாதி கையில் கன்ட்ரோலர். ஒரு காதில் மட்டும் ஹெட்போன். திரையில் வாளோடு ஒரு பெண் நடந்தாள்; பக்கத்தில் முகம் முழுக்க இரும்புக் கவசம் போட்ட ஒருவன்.

"உக்காருங்க ஆன்ட்டி. அப்பா அனுப்பினாரா?"

"கிண்ணம் குடுக்க வந்தேன்மா."

"அது எங்க கிண்ணம் இல்லையே."

"அப்படியா? சரி, வந்தது வந்தேன்," என்று ஞானம்மாள் சோபாவில் வசதியாகச் சாய்ந்தாள். "இன்னாமே, இந்த இரும்பு மண்டைதான் மாப்பிள்ளையா?"

"அவருதான்."

"மொகம் தெரியலையே. வாயைத் தொறந்து பேச மாட்டாரா?"

"மைக் ரிப்பேராம். நான் பேசறது அவருக்குக் கேக்கும். அவரு குனிஞ்சு கும்புடுவாரு, கை ஆட்டுவாரு. போன்ல தனியா பேசுவாரு."

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடு ஆடும்போது ஒரு மாதமாகப் பேசாமல் கும்பிட்டுக்கொண்டே இருக்கும் ஆண்பிள்ளையை ஞானம்மாள் கண்டதில்லை. மைக் கடை ஆவடியில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ரிப்பேர் பார்க்க ஒரு மாதமா?

"இத்த வச்சி இன்னா கண்டுபுடிச்ச?"

"காபி ஷாப்ல உக்காந்து பேசினா எல்லாரும் நல்லவங்கதான் ஆன்ட்டி. இங்க நான் அடிபட்டு விழுந்தா, பக்கத்துல இருக்கவரு சண்டைக்கு நடுவுல வந்து, அசையாம நின்னு என்னைத் தூக்கி விடணும். அப்ப அவருக்குத்தான் அடி விழும். ஓடிப் போறவனும் உண்டு. நான் விழுந்த கேப்ல புதையலை எடுத்துட்டுப் போறவனும் உண்டு. இவரு ஒரு தடவை கூட விட்டுட்டுப் போனதில்ல."

பேசிக்கொண்டிருக்கும்போதே தலை இல்லாத ஒரு பூதம் ஸ்வாதியின் ஆளை ஒரே அடியில் சாய்த்தது. இரும்பு மண்டை உருண்டு வந்து, முதுகில் இரண்டு அடி வாங்கிக்கொண்டே அவளைத் தூக்கிவிட்டது. ஞானம்மாள் தன்னையறியாமல் "அட!" என்றாள். அடுத்த நொடியே அந்த 'அட'வின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவன் ஏன் இன்னும் கல்யாணமாகாமல் திருநின்றவூரில் உட்கார்ந்திருக்கிறான்?

"இந்த ஆட்டம் அவ்ளோ ஒசத்தியா?"

ஸ்வாதி சிரித்தாள். "உண்மையைச் சொல்லவா? இந்த மாதிரி வாள், மந்திரம், பூதம் கேம்ல பாதி குப்பை ஆன்ட்டி. உலகமே அழியப் போகுதும்பாங்க, வழியில ஒருத்தன் என் ஆட்டைக் காணோம், தேடிக் குடுன்னு நிப்பான். ஆம்பளைக்குத் தலையிலருந்து கால் வரைக்கும் இரும்பு, பொம்பளைக்கு மட்டும் துணி பத்தாம போயிரும். பெரிய வில்லனைக் கஷ்டப்பட்டு சாகடிச்சா, உடனே எந்திரிச்சு ரெண்டாவது உசுரு இருக்கும்பான். அதெல்லாம் கூட மன்னிச்சிடலாம். எல்லா கேம்லயும் ஒரு விஷச் சேறு வைப்பான் பாருங்க, அதுல கால் வச்சா நடக்கவும் முடியாது, உசுரும் கரைஞ்சுகிட்டே போகும். அதைப் போட்டவன் மனுஷனே இல்ல."

"அப்பால ஏன் ஆடற?"

"ஒரு வாள் சுத்தும்போது, அதோட கனம் நம்ம கைக்கு வரும். அது சரியா வந்துச்சுன்னா மீதி குப்பையெல்லாம் மறந்து போகும். இதுல வருது."

கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம் வந்தது. ஸ்வாதியின் ஆள் ஒரு வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அங்கிருந்த பானைகளைத் திறந்தாள், பெட்டியைத் திறந்தாள், அலமாரியைக் குடைந்தாள். வீட்டுக்காரி அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளிடமே போய்ப் பேச்சுக் கொடுத்தாள். வீட்டுக்காரி ஏதோ சொன்னாள். மறுபடி கேட்டதற்கு வேறு ஏதோ சொன்னாள். மூன்றாவது முறையும் அதையே சொன்னதும், ஸ்வாதியின் ஆள் திரும்பி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

ஞானம்மாள் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். "ஏம்மா, அவ சொன்னதையே சொல்ற வரைக்கும் கேக்கணுமா?"

"ஆமா. அதுக்கப்புறம் அவகிட்ட விஷயம் இல்லைன்னு அர்த்தம்."

இத்தனை வருடமாக அப்பாவுவும் அக்கம்பக்கமும் வம்பு என்று சொல்லிவந்ததை யாரோ பெரிய மூளைக்காரர்கள் விளையாட்டாகச் செய்து டிவியில் ஓடவிட்டிருந்தார்கள். கீழே இறங்கும்போது அவள் நடையே மாறியிருந்தது. கிண்ணத்தை மறந்துவிட்டு வந்தாள்.

அந்த இருவரும் சந்திக்கிற வேளையை அவள் தெரிந்துகொண்டாள்: விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம். அடுத்த ஆட்டத்தன்று அதே வேளைக்கு அவள் திருநின்றவூர் ஸ்டேஷனில் போய் இறங்கினாள். ஆபீஸ் விட்டு வருகிற கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, மாப்பிள்ளை வீட்டுத் தெரு முனையில் இருந்த இஸ்திரிக் கடையில் நின்றாள். புடவை தேய்க்கக் கொண்டுவந்தவள் போல ஒரு பை வேறு.

"இந்தத் தெருவுல தினேஷ்னு ஒரு புள்ள கீறாராமே, எப்படி?"

"நல்ல பையன்மா," என்றான் இஸ்திரிக்காரன்.

வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடி கேட்டாள். "தங்கமான பையன். ஊட்ல ஒரு தங்கச்சி கீது, கார்த்திகான்னு. அது பி.காம் முடிச்சிட்டு வேலை தேடிகினு கீது."

ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு மூன்றாம் முறை கேட்டாள்.

"இன்னாமா நீ, பொண்ணு ஊடா? அதோ எதிர் சலூன்ல குந்திகினு கீறாரு பாரு. நேராவே கேட்டுக்க."

ஞானம்மாள் திரும்பினாள். நாகப்பன் சலூன் என்று போர்டு. கண்ணாடிக்கு முன்னால் சாய்வு நாற்காலியில், கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, முகம் நிறைய நுரையோடு ஒருவன். வெங்கட் காட்டிய போட்டோவில் பார்த்த அதே காது. இரண்டு கையும் துணிக்கு அடியில். அவன் கண் மூடி ரசித்துக்கொண்டிருந்தான்.

அவள் போனை எடுத்தாள். "ஸ்வாதி, ஆட்டம் நடக்குதா?"

"நடக்குது ஆன்ட்டி. கொஞ்சம் இருங்க. ஐயோ, விழுந்துட்டேன். இல்ல, தூக்கி விட்டுட்டாரு. சொல்லுங்க."

"யாரு தூக்கி விட்டது?"

"தினேஷ்தான்."

ஞானம்மாள் சாலைக்கு எதிரே பார்த்தாள். தினேஷின் கன்னத்தில் கத்தி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "சரிம்மா, நீ ஆடு," என்று போனை வைத்தாள்.

அப்புறம் மாப்பிள்ளை வீடு. உள்ளே போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டிவியில் அதே கோட்டை, அதே மழை. தரையில் சம்மணமிட்டு, கொண்டையில் பேனா செருகி, ஒரு பெண் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "எந்திரி அண்ணி, எந்திரி, நான் கீறேன்ல," என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். மைக் ஏன் ஒரு மாதமாக ரிப்பேர் என்பது ஞானம்மாளுக்கு அப்போது விளங்கியது.

திரும்பி வருகிற ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. இப்படி ஒரு செய்தியைச் சுமந்துகொண்டு அவள் நெமிலிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டியதே இல்லை. நேரே மாடிக்குப் போய், நுரையிலிருந்து கொண்டை வரை ஒன்று விடாமல் கொட்டினாள்.

ஸ்வாதி அதிரவில்லை. கன்ட்ரோலரைத் துணியால் துடைத்துக்கொண்டே, "தங்கச்சியா? நான் ஃப்ரெண்டு எவனாவது இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

ஞானம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு ஆன்ட்டி. முந்தா நாள் விஷச் சேத்துல ரெண்டு பேரும் மாறி மாறி செத்தோம். அடுத்த நாள் போன்ல, அந்த எடம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். செமயா இருந்துச்சுன்னு சொன்னாரு. கிராபிக்ஸ் சூப்பர்னாரு. அந்தச் சேத்துல எறங்கி நடந்த எந்த மனுஷனும் அதை நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டான். எதைக் கேட்டாலும் செமன்னு சொல்றவரு எதையும் ஆடலைன்னு அப்பவே தோணுச்சு."

"அப்ப உங்கப்பா கையில சொல்லி நிறுத்திரலாமா?"

"வேணாம். ஆடத் தெரியலைங்கறது தப்பே இல்ல ஆன்ட்டி. எனக்குச் சமைக்கத் தெரியல, நானும்தான் எல்லாம் சமைப்பேன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வரட்டும். தானா சொல்றாரான்னு பாக்கறேன். சொல்லிட்டா எனக்குச் சம்மதம்."

"சொல்லலைன்னா?"

ஸ்வாதி துடைத்த கன்ட்ரோலரை மேஜை மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஞானம்மாளை யாரும் தனியாக அழைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். தினேஷ், அவன் அம்மா, தங்கை கார்த்திகா மூவரும் வந்தார்கள். பழத்தட்டு, பூ, இனிப்பு எல்லாம் மேஜையில். பையன் லட்சணமாகத்தான் இருந்தான். ஷேவிங் கூட நன்றாக வந்திருந்தது. கார்த்திகா தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஸ்வாதி பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவியைப் போட்டு, இரும்பு மண்டையைத் திரைக்கு வரவழைத்து, கன்ட்ரோலரை எடுத்துத் தினேஷிடம் நீட்டினாள்.

"பாட்டுக்குப் பதிலா இது. ஒரே ஒரு ரவுண்டு ஆடுவோமா?"

வெங்கட் நெற்றியைத் தடவிக்கொண்டார். தினேஷின் அம்மா, "என் புள்ள இதுல புலிமா. ஆபீஸ் விட்டு வந்தா இதேதான்," என்று பெருமைப்பட்டாள். ஞானம்மாள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு, சொல்லிடு, சொல்லிடு என்று மனசுக்குள் அவனை உந்தினாள். கண்டுபிடித்தவள் அவள்தான் என்றாலும், நல்லதாக முடிந்தால் வேண்டாமென்றா இருக்கிறது?

தினேஷ் கன்ட்ரோலரை வாங்கினான். ஒரு நொடி தங்கையைப் பார்த்தான். வாயைத் திறந்தான். எல்லாமே அந்த நொடியில் இருந்தது.

"ஓ, தாராளமா ஆடலாமே," என்றான்.

இரும்பு மண்டை சுவரில் முட்டியது. வானத்தைப் பார்த்து வாளை வீசியது. காலி இடத்தில் உருண்டு, நேராகப் போய் விஷச் சேற்றில் இறங்கி, அங்கேயே நின்று கரைந்து செத்தது.

"கன்ட்ரோலர் சரியில்லங்க. பட்டன் ஒட்டுது. எங்க வீட்ல இருக்கறது வேற மாடல்."

"நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் ஸ்வாதி. "பரவாயில்ல, விடுங்க. இந்தச் சேத்துல நாம ரெண்டு பேரும் அவ்ளோ நேரம் நடந்தோமே. உண்மையா சொல்லுங்க, உங்களுக்கு இந்த எடம் எப்படி இருந்துச்சு?"

"செம எடம்ங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமே அதான்."

"இன்னாது?"

கேட்டது ஸ்வாதி இல்லை. மூலையிலிருந்து கார்த்திகா எழுந்துவிட்டாள்.

"செம எடமா? எத்தினி தபா செத்தேன் அதுல! காலைத் தூக்கினா போகாது, குதிச்சா குதிக்காது, நடுவுல அந்த ஊசிக் கொசு வேற. அந்தச் சேத்தப் போட்டவன் மட்டும் என் கையில சிக்கினான், அவனை அதுலயே முக்கி..." அதற்கு மேல்தான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. முந்தானை நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

வெங்கட் குடிக்க எடுத்த காபியைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

ஸ்வாதி தினேஷின் கையிலிருந்து கன்ட்ரோலரை மெல்ல வாங்கினாள். கார்த்திகாவிடம் நீட்டினாள். அவள் அண்ணனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு, வந்தது வரட்டும் என்பது போல வாங்கிக்கொண்டாள். இரும்பு மண்டை எழுந்தது. இடுப்பை ஒடித்து ஒரு கும்பிடு போட்டது. அதே கும்பிடு. சேற்றின் ஓரமாகவே போய், கொசுவை ஒரே வீச்சில் இரண்டாக்கி அந்தக் கரையில் ஏறி நின்றது.

தினேஷ் சிரிக்கப் பார்த்தான். "இது சும்மா விளையாட்டுதானேங்க. இதுல போயி பொய் உண்மைன்னு..."

"ஆடத் தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் கத்துக் குடுத்திருப்பேன்," என்றாள் ஸ்வாதி. குரலில் கோபம் கூட இல்லை. "இத்தனை நாள் சொல்லல, சரி. இப்ப மாட்டிக்கிட்ட பிறகும் பட்டன் மேல பழி போடறீங்க. நாளைக்கு என் மேல போடுவீங்க. எனக்கு வேணாம்ப்பா."

கடைசி வார்த்தை வெங்கட்டுக்கு. அவர் பழத்தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். தினேஷின் அம்மா, "பொம்மை ஆட்டத்துக்குப் போயி சம்பந்தத்த முறிக்கிற பொண்ண இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்று எழுந்தாள். தட்டை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். இனிப்புப் பெட்டியை மட்டும் மறந்துவிட்டார்கள். அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அப்பாவுவுக்குத் தெரியும்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் குடியிருப்பு முழுக்க நிம்மதியாகப் பேசி மறந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் கொலுசுச் சத்தம். ஞானம்மாள் கீரையிலிருந்து தலை நிமிர்ந்தால், கார்த்திகா. தோளில் பை, கையில் சொந்தக் கன்ட்ரோலர்.

"எங்கமே?"

"மாடிக்கு ஆன்ட்டி. ஸ்வாதி அக்கா வரச் சொன்னாங்க."

"உங்க அம்மாக்குத் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் கிளாஸுன்னு சொல்லிகினு வந்தேன்."

அண்ணன் வேண்டாம், தங்கை வேண்டும் என்றால் அது என்ன கணக்கு? அந்தப் பெண்ணை வைத்தே மறுபடி பேச்சை ஒட்டவைக்கப் பார்க்கிறார்களா? இல்லை, உளவு பார்க்க அனுப்பியிருக்கிறார்களா? ஞானம்மாளுக்கு இருப்பே கொள்ளவில்லை. போன தடவை மறந்த கிண்ணம் இப்போதுதான் உதவிக்கு வந்தது. அதை வாங்கப் போனாள்.

மாடியில் இருவரும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ஏதோ புதிய கேமைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரை ஓடுவது மாடு ஓடுவது போல இருக்கிறதாம். ராட்சசன் பேசுகிற பேச்சுக்கு அவனைக் கொல்வதே புண்ணியமாம். ஸ்வாதி அவ்வளவு சத்தமாகச் சிரித்து ஞானம்மாள் கேட்டதில்லை. வெங்கட் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். பேப்பரும் சிரிப்பில் ஆடியது.

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று ஞானம்மாள் கார்த்திகாவைக் கேட்டாள். நல்லா இருக்கான் என்றாள். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடி கேட்டாள். வேற பொண்ணு பாக்கறாங்க, இந்தத் தடவை பயோடேட்டாவுல ஹாபிங்கற எடத்துல கேமை எடுத்துட்டு, மலை ஏறுற டிரெக்கிங்னு போட்டிருக்கான் என்றாள். தண்ணீர் லாரிக்குப் பிறகு மூன்றாம் முறை கேட்டபோது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்வாதி கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தாள்.

"நீங்களே ஆடுங்க ஆன்ட்டி. இது உங்களுக்காகவே செஞ்ச கேமு."

ஞானம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சண்டைப் பக்கமே போகவில்லை. நேரே கிராமத்துக்குள் நடந்தாள். முதல் வீட்டுக் கதவைத் தள்ளினாள், பானையைத் திறந்தாள், பெட்டியைக் குடைந்தாள். வீட்டுக்காரி சும்மா நின்றாள். இரண்டாம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் வரை தேடினாள். வீட்டுக்காரன் சிரித்தான். மூன்றாம் வீடும் அப்படித்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் கன்ட்ரோலரை இறக்கி வைத்தாள். முகம் இறுகியிருந்தது.

"இன்னா ஆன்ட்டி, புடிக்கலையா?" என்றாள் கார்த்திகா.

"ஊட்டுக்குள்ள பூந்து பானையத் தொறக்கறேன், ஒருத்தி கூட யாரு நீன்னு கேக்க மாட்டேன்றா," என்றாள் ஞானம்மாள். "இந்த ஊர்க்காரங்க எதையோ மறைக்கறாங்கமே. இன்னொரு தபா மொதல் ஊட்ல இருந்து வரலாம், வா."